பேர் போன சண்டை

ஜூலை இரண்டு.
லாப்பின்யா சதுக்கத்தில் வண்டியை வெளியே எடுத்துவிட்டார்கள்.
தழை, பச்சை மஞ்சள் நாடா,
மேலே ஈட்டியோடு மரத்தாலான பழங்குடி வீரன்,
அவன் காலடியில் பாம்பு.
சால்வதோர் நகரமே கயிறு பிடித்து இழுக்கிறது.
நான் தண்ணீர்ப் பெட்டியோடு பின்னால் போகிறேன்.
பாட்டில் மூன்று ரெயால்.
தூறல் விழுந்தால் இரண்டு.

பிரேசிலுக்கு விடுதலை செப்டம்பரில் என்பார்கள் பள்ளிக்கூடத்தில்.
தெற்கே ஓர் ஓடைக்கரையில்
இளவரசர் வாளை உருவிக் கத்தினாராம்.
கத்தியது இங்கே கேட்கவில்லை.
போர்த்துகல் பட்டாளம் இந்த ஊரில்
இன்னும் பத்து மாதம் உட்கார்ந்திருந்தது.
மாவுப் படகு வரவில்லை.
பூனைகள் குறைந்துகொண்டே போயின.

செஃபெரினோ சண்டைக்குப் போனது
தன் பேரில் அல்ல.
சாந்து அமாரோ பக்கம் ஒரு கரும்பாலை.
ஆண்டையின் இளைய மகனைப் படைக்கு அனுப்பச் சொல்லி
ஓலை வந்தது.
மகனுக்கு அன்றைக்குப் பார்த்து வயிற்றுக்கடுப்பு.
"நீ போ. கேட்டால் அவன் பேரைச் சொல்."
ஜுவாக்கிம் தவாரெஸ் பிமெந்தெல்.
நாக்கில் நிற்க மூன்று நாள் ஆயிற்று.
சக்கைக் குவியலுக்குப் பின்னால் நின்று
சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.
யூஃப்ராசியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"என்னைக் கூப்பிடும்போது மட்டும்
நீயாகவே இரு."

பிராஜா மேட்டில்
பின்வாங்கு என்று ஊதவேண்டிய கொம்புக்காரன்
பாய் என்று ஊதிவிட்டானாம்,
அதனால் ஜெயித்தோமாம்.
இருக்கலாம்.
ஊதியவனுக்குக் கதை உண்டு.
கேட்டு ஓடிய கால்களுக்கு இல்லை.
செஃபெரினோவுடையது வெறுங்கால்.
சேற்றோடு ஒரு விரல் போயிற்று.
பட்டியலில் எழுதினார்கள்:
பிமெந்தெல், வலக்காலில் காயம், நன்றாகப் போரிட்டான்.

நல்ல பேர் வாங்கினான்.
வாங்கியது யார், விலை கொடுத்தது யார் என்று
பட்டியலில் கட்டம் இல்லை.
பேர் போன சண்டை என்கிறோமே,
அது இதுதான்.

பிறகு அந்த விடியல்.
கப்பல்கள் சத்தமில்லாமல் வளைகுடாவைத் தாண்டிவிட்டன.
படை ஊருக்குள் நுழைந்தது.
ஓவியங்களில் அது குதிரையும் கொடியும்.
நடந்து வந்ததோ
கிழிந்த துணி, பேன், காய்ச்சல்.
சொலெதாதே மடத்துக் கன்னியர் இலைவளையம் நீட்டினார்கள்,
முன்வரிசைக்குப் போதுமான அளவு.
கீழே விழுந்த ஒரு கிளையை எடுத்துச்
சட்டை ஓட்டையில் செருகிக்கொண்டான் செஃபெரினோ.

படையில் நின்ற அடிமைகளை விடுவிக்கலாம் என்று
ஓர் உத்தரவு வந்தது.
ஒற்றைக் காலை இழுத்து இழுத்து அலுவலகம் போனான்.
எழுத்தர் தாளைப் புரட்டினார்.
செஃபெரினோவா? அப்படி யாரும் சண்டை போடவில்லையே.
பிமெந்தெலா? அவர் பிறந்ததிலிருந்தே சுதந்திரமானவர்.
அடுத்த ஆள்.

பதக்கம் பெரிய வீட்டுக்குப் போயிற்று.
அவன் கரும்புக்குப் போனான்.

அறுபத்தைந்து வருடம் கழித்து
எல்லா அடிமைகளுக்கும் என்று ஒரு தாள் வந்தபோது
அவன் இல்லை, யூஃப்ராசியாவும் இல்லை.
பேத்தியிடம் பதிவேட்டுக்காரன் கேட்டான்,
குடும்பப் பேர் என்ன?
அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று,
குடிசையில் சொல்லிச் சொல்லிச் சிரித்த பேர்.
கூசாமல் சொன்னாள்.

இதற்கெல்லாம் சான்று கேட்காதீர்கள்.
எங்கள் வீட்டில் இப்படித்தான் சொல்கிறோம்.

வண்டி மேட்டில் திணறி நிற்கிறது.
ஒரு போலீஸ்காரர் என் உரிமச் சீட்டை வாங்கிப் பார்க்கிறார்.
"பிமெந்தெல். பெரிய வீட்டுப் பேராச்சே,
உனக்கு எப்படி?"
விரல் கொடுத்து வாங்கினது ஐயா, என்கிறேன்.
அவருக்குப் புரியவில்லை.
தண்ணீர் வேண்டுமா?
மூன்று ரெயால்.